ஒரு பாட்டு வகுப்பும் இரண்டு பள்ளிகளும்



சென்ற திங்கள் நம் சங்கத்தின் ஆட்சிக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. மும்பையின் கிழக்குப் புறநகர் ஒன்றில், நம்மவர் பிள்ளைகள் பலர் பயிலும் அரசு மானியப் பள்ளியில், இவ்வாண்டு தொடங்கியதிலிருந்து பாட்டு வகுப்பு நடைபெறவில்லை. வாரம் இருமுறை நடந்துவந்த தமிழ் வகுப்பும் நின்றுவிட்டது. பகுதிநேர ஆசிரியர் இருவருக்கும் தரவேண்டிய ஊதியம் மானியக் கணக்கில் சேராது என்றும், பள்ளியின் சொந்த வருவாயில் அதற்கு இடமில்லை என்றும் நிர்வாகம் கூறிவிட்டது. ஆகவே பெற்றோர் 41 பேர் கையொப்பமிட்டு, ஊதியத்தைத் தாமே திரட்டித் தர முன்வந்துள்ளதாகவும், சங்கமும் ஒரு பங்கு ஏற்று இவ்விதழின் வாயிலாக அன்பர்களிடம் பொருளுதவி கோரவேண்டும் என்றும் எழுதியிருந்தனர்.

விண்ணப்பத்தைப் படித்ததும் நம் உள்ளம் குளிர்ந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. வீட்டிலே தமிழ் பேசியும் ஒரு வரி தமிழ் எழுதத் தெரியாமல் வளரும் பிள்ளைகளைக் கண்டு வருந்தாத பெற்றோர் நம்மிடையே அரியர். ஊரிலிருக்கும் பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதவும், கொலுவின்போது ஒரு பாட்டுப் பாடவும் பிள்ளைகள் கற்றுக்கொண்ட இடம் அவ்வகுப்புகளே. ஆட்சிக் குழுவினர் ஒருமனதாக உதவ இசைந்தனர். செயலாளர் வேண்டுகோளின் முதற்பத்தியை எழுதியும் விட்டார். இப்பக்கத்தில் இத்திங்கள் வெளிவந்திருக்க வேண்டியது அவ்வேண்டுகோளே. அது நின்று, இவ்வெழுத்து அதன் இடத்தைப் பிடித்ததற்குக் காரணம் ஓர் அம்மையார் கேட்ட கேள்வி.

நம் மண்டபத்தில் நடந்த திருக்குறள் ஒப்புவித்தல் போட்டிக்குத் தாராவியிலிருந்து ஒரு தாய் தம் மகளை அழைத்து வந்திருந்தார். சிறுமி மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிப்பவள். பரிசளிப்பு முடிந்தபின், புறநகர்ப் பள்ளியின் விண்ணப்பத்தைப் பற்றி நம் குழுவினர் இருவர் பேசிக்கொண்டிருந்தது அவ்வம்மையார் காதில் விழுந்தது. சற்றுத் தயங்கி நின்றார். பிறகு, "எங்க பள்ளிக்கூடத்திலயும் பாட்டு டீச்சர் போனவங்க போனவங்கதான் ஐயா. அப்புறம் யாரும் வரலை. எங்களுக்கு மனு எழுதத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதானே?" என்றார்.

அவர் குறையாகக் கூறவில்லை, உள்ளதைக் கூறினார். எனினும் நம் குழுவினர் இருவருக்கும் மறுமொழி கிடைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அவர்கள் அதை எடுத்துரைத்தபோது நமக்கும் கிடைக்கவில்லை. இரு பள்ளிகளிலும் பறிபோனது ஒன்றே. இரு பள்ளிகளிலும் பயில்வோர் நம் பிள்ளைகளே. ஒரு பள்ளிக்கு 41 கையொப்பம் இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை. அந்த ஒன்றைக் கொண்டு நாம் முடிவு செய்துவிட்டோம். செய்வது நியாயந்தானா என்று எண்ணிப் பார்க்கவே இல்லை.

நிற்க. பொதுமக்கள் பொருள் திரட்டிப் பள்ளிக்குத் தருவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொன்னால் நம் வரலாற்றையே மறந்தவர் ஆவோம். மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியது, பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று நம் முன்னோர் தாமே முன்வந்ததால்தான். தாய்நாட்டிலோ அதனினும் பெரியதொரு சான்று உண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956-இல், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பகலுணவு தரும் இயக்கம் ஊராரின் கொடையைக் கொண்டே தொடங்கிற்று. கல்வித் துறையின் இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் சென்று மக்களை ஊக்கினார். பின்னர் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மேசை, நாற்காலி, மணி, கரும்பலகை, சீருடை என மக்கள் கொண்டுவந்து குவித்ததை நம் மூத்த அன்பர்கள் சிலர் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

ஆனால் அவ்வியக்கத்தின் கதை ஊரார் கொடுத்ததோடு முடியவில்லை. விரைவிலேயே அரசு தன் பங்கை ஏற்றது. ஒரு வேளை உணவுக்கு ஆகும் 10 காசில் 6 காசை அரசு தந்தது. எஞ்சியதே ஊரார் பொறுப்பாயிற்று. 1982-இல் எம். ஜி. ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. இன்று எந்தப் பிள்ளையும் தன் ஊரில் கொடையாளி உண்டா என்று பார்த்துவிட்டுத் தட்டை நீட்டுவதில்லை. மக்களின் கொடை வழிகாட்டியது. அரசு அவ்வழியே வந்து சுமையைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டது. அரசு வாராதிருந்தால், கையிருப்புள்ள ஊரில் சோறும், இல்லாத ஊரில் பசியும் நிலைத்திருக்கும். பொதுமக்கள் திரட்டும் நிதியை இந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பது நம் கருத்து.

இக்கேள்வி நமக்கு மட்டும் எழுந்ததன்று. செல்வம் மிகுந்த அமெரிக்க நாட்டிலும் பள்ளிகளில் வகுப்புகள் குறைக்கப்படுவதும், பெற்றோர் பொருள் திரட்டி அவற்றை மீட்பதும் பல ஆண்டுகளாக நிகழ்ந்து வருகின்றன. 1997-இல் நியூயார்க் நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி நான்காம் வகுப்பு ஆசிரியர் ஒருவரை இழக்கும் நிலை வந்தது. வகுப்பில் நெருக்கம் மிகும் என்று அஞ்சிய பெற்றோர் சில நாட்களிலேயே ஏறத்தாழ 46,000 டாலர் திரட்டி, அவ்வாசிரியரின் ஊதியத்தைத் தாமே தர முன்வந்தனர். நகரப் பள்ளிகளின் தலைவராக இருந்த ரூடி குரூ அப்பணத்தை ஏற்க மறுத்தார். வசதியுள்ள பள்ளி ஆசிரியரை விலைக்கு வாங்கலாம், வசதியற்ற பள்ளி இழக்கலாம் என்ற நிலை பொதுப்பள்ளிக்கு ஒவ்வாது என்பதே கேள்வியாயிற்று. இறுதியில் அவ்வாசிரியர் அங்கேயே இருந்தார். ஊதியம் பொதுப்பணத்திலிருந்து வந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல முடிவே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பெற்றோரின் பணம் ஏற்கப்படவில்லை. அவர்களின் குரலோ ஏற்கப்பட்டது. அவ்வாறு பொருள் திரட்டவும் செய்தித்தாள்களின் கவனத்தை ஈர்க்கவும் இயலாத வேறொரு பள்ளிக்கு அதே விரைவில் அதே உதவி கிட்டியிருக்குமா? பணம் ஒரு வலிமை. குரலும் ஒரு வலிமை. நம் தாராவி அம்மையார் சுட்டியது இவ்விரண்டாவதையே.

கலிபோர்னியா மாநிலத்தில் 1978-இல் வாக்காளர் ஏற்ற 13-ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் அடக்கியது. அதன்பின் பல பள்ளிகளில் இசை, ஓவியம், நூலகம் போன்றவை குன்றின. அவற்றை மீட்கப் பெற்றோர் நிதிகள் பெருகின. சாண்டா மோனிகா, மாலிபு என்னும் இரு கடற்கரை ஊர்களும் ஒரே பள்ளி வட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே ஒரு பள்ளியில் பெற்றோர் திரட்டியது மாணவர் ஒருவருக்கு 2,000 டாலருக்கும் மேல். மற்றொன்றில் 100 டாலருக்கும் குறைவு. 2011-இல் அவ்வட்டத்தின் பள்ளிக் குழு ஒரு விதி செய்தது. ஆசிரியர், துணையாசிரியர் ஆகியோருக்கான பணத்தைத் தனித்தனிப் பள்ளிக்கென்று திரட்டலாகாது. வட்டம் முழுமைக்கும் ஒரே நிதியாகத் திரட்டிப் பகிர வேண்டும் என்பது அவ்விதி. போர்ட்லண்டு நகரிலோ வேறொரு முறை நெடுங்காலம் இருந்தது. ஒரு பள்ளியின் பெற்றோர் திரட்டும் தொகையில் முதல் 10,000 டாலர் போக, மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கு எளிய பள்ளிகளுக்கான பொதுநிதிக்குச் சென்றது.

இம்முறைகளை மறுத்தோரும் உளர். "என் பிள்ளையின் பள்ளிக்கு என்றால் தருவேன், பொதுவுக்கு என்றால் தரமாட்டேன்" என்று மாலிபுப் பெற்றோர் பலர் கூறினர். நம் பொருளாளரும் குழுக் கூட்டத்தில் ஏறக்குறைய இதையே கூறினார்: "தருபவர் மனம் தம் பிள்ளையை நினைத்தே விரியும், அதை அடைத்தால் இரு பள்ளிக்கும் ஒன்றும் மிஞ்சாது." இக்கூற்றை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. தன் பிள்ளைக்குப் பரிந்து செய்வது பெற்றோரின் இயல்பு. அதைக் குற்றமென்று பேசுவது வீண். ஆனால் விண்ணப்பித்த பெற்றோர் தம் பள்ளிக்குள்ளே தாமே திரட்டித் தாமே தந்திருந்தால் சங்கம் அதில் தலையிட வேண்டியதில்லை. அவர்கள் சங்கத்தின் பெயரைக் கேட்டனர். இவ்விதழின் பக்கத்தைக் கேட்டனர். இவை இரண்டும் மும்பைத் தமிழர் அனைவருக்கும் உரியவை. தாராவியில் சந்தா செலுத்தும் அன்பருக்கும் இவற்றில் பங்குண்டு. பொதுப் பெயரால் திரட்டுவது பொதுவாகவே பயன்பட வேண்டும்.

விண்ணப்பத்தில் மற்றொரு செய்தியும் இருந்தது. முதல்முறை படிக்கையில் அதை நாம் கவனிக்கவில்லை. மாதம் 600 ரூபாய் தர இசைந்த பெற்றோரின் பிள்ளைகள் மட்டும் அவ்வகுப்புகளில் அமர்வர் என்பது அது. அப்பள்ளியில் ஆட்டோ ஓட்டுவோர் பிள்ளைகளும், வீட்டு வேலைக்குச் செல்வோர் பிள்ளைகளும் படிக்கிறார்கள். சென்ற ஆண்டுவரை அவர்களும் அதே பாயில் அமர்ந்து பாடினார்கள். இனி அவர்கள் வெளியே நின்று கேட்பார்கள். பள்ளியின் வகுப்பை மீட்பது என்று இதற்குப் பெயரிடலாகாது. பள்ளிக் கட்டடத்துக்குள்ளே நடக்கும் தனிப்பயிற்சி இது. அநீதி இரு பள்ளிகளுக்கிடையே மட்டுமன்றி ஒரே வகுப்பறை வாயிலிலும் வந்து நிற்கிறது. பெற்றோர் இதைத் தீய எண்ணத்தோடு எழுதவில்லை என்பதை நாம் நன்கறிவோம். கணக்குச் சரிவர வேண்டும் என்றே எழுதினர். அன்போடு தொடங்கும் காரியத்திலும் இத்தகைய பிழை புகுந்துவிடும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

இனிச் சட்டத்தைச் சிறிது பார்ப்போம். மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-அ பிரிவு கூறுகிறது. 1956-ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது அது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் திட்டமாகப் பேசுகிறது. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 100-க்கு மேற்பட்ட பிள்ளைகள் பயிலும் பள்ளியில் கலைக் கல்வி, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்று அதன் அட்டவணை விதிக்கிறது. அதே சட்டத்தின்படி அரசு, உள்ளாட்சி, மானியப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக, பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். அரசு, உள்ளாட்சிப் பள்ளிகளில் அக்குழு எழுதும் பள்ளி வளர்ச்சித் திட்டமே நிதி ஒதுக்கீட்டுக்கு அடிப்படை.

இதைப் படித்தபின் நாம் மூவர் தாராவிப் பள்ளிக்குச் சென்று வந்தோம். 6 முதல் 8 வரை 100-க்கு மேற்பட்ட பிள்ளைகள் பயில்கிறார்கள். ஒரு மூலையில் துணி போர்த்திய ஆர்மோனியம் இருக்கிறது. மேலாண்மைக் குழு தாளில் இருக்கிறது. அதில் நம் அம்மையார் ஓர் உறுப்பினர் என்பதும் அங்கேதான் தெரிந்தது. கூட்டத்துக்கு அழைத்து ஏட்டில் கையொப்பம் வாங்கிக்கொள்வார்கள் என்றார். வளர்ச்சித் திட்டம் என்ற ஒன்றை எழுதலாம் என்று ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை.

அப்பொழுதுதான் நமக்குத் தெளிவாயிற்று. அப்பள்ளிக்கு உரிமை இருக்கிறது. அதைக் கேட்கும் வழி தெரியவில்லை. அங்கே முதலில் நம் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினால், மாநகராட்சி தரவேண்டிய கடனை நாம் அடைத்ததாகும். தரவேண்டியவர் அதை மறந்தும் விடுவார். அவர்களுக்கு முதலில் வேண்டியது மனு எழுதும் ஒரு கை. நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற அலுவலர்கள் எத்தனை பேர்! வாழ்நாள் முழுதும் கோப்பு எழுதியவர்கள், எந்த மேசைக்கு எந்தத் தாள் செல்ல வேண்டும் என்று அறிந்தவர்கள், மராத்தியில் பிழையின்றி எழுதவல்லவர்கள். நம் உண்மையான செல்வம் அதுவே. அச்செல்வத்தை இதுநாள்வரை நம் குடியிருப்புச் சங்கங்களின் தண்ணீர்க் குழாய்க்கும் வாகனம் நிறுத்தும் இடத்துக்குமே செலவிட்டு வந்தோம்.

இவற்றையெல்லாம் எண்ணி, ஆட்சிக் குழுவின் முன் நாம் வைக்கும் யோசனைகள் இவை.

முதலாவது, சங்கத்தின் பெயரால் திரட்டும் நிதி இரு பள்ளிகளுக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும். வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 50 ரூபாய் ஒவ்வொரு பள்ளிக்கும் உரியது. தம் பிள்ளையின் பள்ளிக்கே தர விரும்பும் அன்பர் அங்கேயே நேரில் தரலாம்; அதைத் தடுக்க நாம் யார்? இப்பக்கத்தின் வழியாக வருவது மட்டும் பாதிபாதி.

இரண்டாவது, மீட்கப்படும் வகுப்பு பள்ளி நேரத்தில், அவ்வகுப்பைச் சேர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் நடைபெற வேண்டும். யார் தந்தார், யார் தரவில்லை என்ற பட்டியல் பள்ளிக்குள் நுழையவே கூடாது. ரசீது சங்கத்தில் இருக்கட்டும்; ஆசிரியருக்கும் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது, இவ்வுதவி இரண்டு கல்வியாண்டுகளுக்கு மட்டுமே. அதற்குள் தாராவிப் பள்ளியில் பயிற்றுநர் பணியிடம் நிரப்பப்பட மேலாண்மைக் குழுவின் வழியாக வளர்ச்சித் திட்டமும் மனுவும் செல்ல வேண்டும். புறநகர்ப் பள்ளியிலும் அவ்வூதியத்தை மானியத்தில் சேர்க்கக் கோரிக்கை எழ வேண்டும். மனு இல்லாமல் பணம் இல்லை என்பதை விதியாகவே கொள்ளலாம். பணியிடம் நிரம்பிவிட்டால் அங்கே மிஞ்சும் தொகை மூன்றாவதொரு பள்ளிக்குச் செல்லட்டும்.

நான்காவது, ஆசிரியர்களுக்குத் தரும் ஊதியம் மதிப்புக்குரியதாக இருக்க வேண்டும். கொடையில் நடக்கும் வகுப்பு என்பதற்காகக் குறைந்த கூலிக்கு ஒருவரை அமர்த்துவது, ஒரு நீதியைத் தேடி இன்னொன்றை இழப்பதாகும். வரவு செலவுக் கணக்கு மூன்று திங்களுக்கு ஒருமுறை இப்பக்கத்தில் வெளிவரும்.

இந்த யோசனைகளால் எல்லாக் குறையும் தீர்ந்துவிடும் என்று நாம் மயங்கவில்லை. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. பாட்டாசிரியர் இல்லாத பள்ளி தமிழ்ப் பள்ளி மட்டுமா என்று ஒரு தெலுங்கு நண்பரோ உருது நண்பரோ கேட்டால், நம்மிடம் நிறைவான விடை இல்லை. ஆனால் ஒரு பள்ளிக்காக எழுதப்படும் மனு சட்டத்தைச் சுட்டி எழுதப்பட்டால் அதன் பயன் அடுத்த பள்ளிக்கும் செல்லும். பணம் கொடுத்த இடத்தோடு நின்றுவிடும். உரிமையைக் கேட்டுப் பெற்றால் அது கேளாதவர்க்கும் வழி திறக்கும்.

விண்ணப்பித்த 41 பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் கோரிக்கையை நாம் தள்ளிவைத்ததாக எண்ண வேண்டா. நீங்கள் கேட்டிராவிட்டால் இக்கேள்வியே எழுந்திராது. உங்களில் நால்வர் தாராவிப் பள்ளியின் மனுவை எழுத முன்வந்தால், அதுவே இந்நிதிக்கு வரும் முதல் நன்கொடையாகும்.

அடுத்த திங்கள் முதல் ஞாயிறு மாலை சங்க மண்டபத்தில் இதுபற்றி முடிவு செய்யப்படும். அன்பர்கள் அனைவரும் வந்து தம் கருத்தைக் கூற வேண்டுகிறோம். வர இயலாதோர் எழுதுக. மாற்றுக் கருத்துகளையும் இப்பக்கத்தில் வெளியிடுவோம். தாராவி அம்மையாரையும் அழைத்திருக்கிறோம். மகளையும் கூட்டிவருவதாகக் கூறியிருக்கிறார். "பேச வேணுமா ஐயா?" என்று கேட்டார். பேச வேண்டும் என்றோம்.